பழைய வரிசையில் ஒன்று

எங்கள் அலுவலகத்தில் ஏ.சி. வைத்தது எங்களுக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. அது தனி அறையில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் வெளியே வியர்த்துக்கொண்டு அதற்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வார்கள். அதன் எதிரே உட்காருகிறவள் என்பதால் எனக்கும் அந்தக் குளிர் கிடைத்தது. சித்திரை வெயிலில் கைப்பையில் ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே பெண் பாண்டிச்சேரியில் நானாகத்தான் இருப்பேன்.

நீங்கள் அண்ணியைப் பற்றிக் கேட்டீர்கள், இவள் கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி நடந்தவை. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாகப் புரியும். எனக்கு நிறையப் பேசிப் பழக்கமில்லை. மூன்று வருஷம் பௌதிகம் படித்தேன். வகுப்பில் வாயைத் திறந்தது பெயர் கூப்பிடும்போது மட்டும்தான். எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிவிடுகிறேன்.

மிஷன் வீதிக்குப் பக்கத்தில், மருந்து மொத்த வியாபாரம் செய்கிற நிறுவனம். எண்பத்தேழாம் வருஷம். எந்தக் கடைக்கு எந்த மருந்து போனது, கிடங்கில் எது மிச்சம் என்பதெல்லாம் அந்த மெஷினில்தான் இருந்தது. கடைகள் பெருகியதும் அதற்கு மெமரி போதவில்லை. மேனேஜர் ஜானகிராமன் சாருக்கு மெமரி என்ற சொல் வாயில் வராது.

"என்னாம்மா வேம்பு, நம்ம மிஷினுக்கு ஞாபகம் பத்தலியாமே. வல்லாரைக் கீரை அரைச்சு ஊத்திடலாமா?" என்பார்.

மெட்ராஸிலிருந்து அரிகிருஷ்ணன் என்ற எஞ்சினியர் புது மெமரி கொண்டுவந்தார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று ஜானகிராமன் சார் இறக்குவதற்கு வாசலில் இரண்டு ஆட்களை நிறுத்தியிருந்தார். அரிகிருஷ்ணன் தோள்பையிலிருந்து விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அதற்குள் இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புப் பூச்சிகள் மாதிரிச் சின்னச் சின்னச் சிப்புகள் இருந்தன.

"இத்தினியூண்டா?" என்றார் ஜானகிராமன் சார். "ஆளுங்களா, நீங்க போய் டீ குடிங்க."

மெஷினைத் திறந்தால் உள்ளே பழைய சிப்புகள் ஒரு வரிசை. அதன் கீழே காலியாக இருந்த வரிசையில் அரிகிருஷ்ணன் புதியவற்றைப் பொருத்தினார். அவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கேள்வி கேட்கமாட்டேன், அவராகவே சொல்லுவார். வரிசைக்கு ஒன்பது சிப்பு. எட்டுச் சிப்புகள் சேர்ந்து ஓர் எழுத்தை ஞாபகம் வைத்திருக்கும். ஒன்பதாவதுக்குக் காவல் வேலை. மற்ற எட்டும் வாங்கியதைத்தான் திருப்பித் தருகின்றனவா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்று மாற்றித் தந்துவிட்டால் திரையில் 'பாரிட்டி செக்' என்று ஒரு வரி வரும். மெஷின் அப்படியே நின்றுவிடும். தப்பாகச் சொல்வதைவிடப் பேசாமல் இருந்துவிடுவது மேல் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான்.

புது வரிசை பொருத்திய மறுநாளே மெஷின் நின்றது.

எங்கள் வீட்டிலும் அப்போதுதான் ஒரு புது வரவு. வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம், ஆனியில் மெமரி. அண்ணன் கலியமூர்த்தியை உங்களுக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்துத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள். அப்போது அப்பா வேலை பார்த்த மில்லிலேயே அண்ணனும் இருந்தார். அப்பா போன பிறகு நெல்லித்தோப்பு வீட்டில் அம்மா, அண்ணன், நான், மூன்று பேர்தான். அம்மா அதிகம் பேசமாட்டார். அண்ணனும் பேசமாட்டார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார்கள், நான் போய்ச் சொல்வேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி தையல்நாயகி பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வந்த மறுநாளே தெருக்குழாயில் நின்ற எல்லாருடைய பெயரையும் தெரிந்துகொண்டார். நான் பிறந்த தெரு அது. எனக்கு இன்னும் பாதிப் பேர் பெயர் தெரியாது.

"யாரு ஒனக்கு வேம்புன்னு பேரு வச்சாங்க? வெல்லக்கட்டியாட்டம் இருக்கிற!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. எமனுக்குக் கசக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்கள் என்று சொன்னேன்.

"அப்ப எமன் ஒன் பக்கமே வரமாட்டான். நானும் ஒன்ன ஒட்டியே இருந்துக்கிறேன்" என்றார் அண்ணி.

எனக்கு அண்ணியைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. எனக்குக் கோபம் வராது. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அண்ணி வந்த பிறகு வீடு நிற்க ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் யாரும் கத்தமாட்டார்கள், பாத்திரம் பறக்காது. அம்மா நின்றுவிடுவார், அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு, பேச்சு எதுவும் கிடையாது. அம்மா நின்றால் அண்ணனும் நின்றுவிடுவார். அண்ணி மட்டும் அங்கும் இங்கும் போய், "என்ன அத்தை? நான் என்ன பண்ணேன் அத்தை?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு எப்போதாவது அண்ணன் கொத்துப் பரோட்டா வாங்கி வருவார், அல்லது சித்தி வருவார். வீடு மறுபடி ஓடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஓடுமே, அந்த மாதிரி. எதனால் நின்றது என்று தெரியாது. எதனால் ஓடியது என்றும் தெரியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சித்தி வீட்டு விசேஷத்துக்கு அம்மா ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டினார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு அடுக்களையில் என்னிடம் ஏதோ சொன்னார். அம்மா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "என்னாடி சொல்றா ஒங்கண்ணி? நல்லாக்குதாமா?" என்று கேட்டார். கேட்டதால் சொன்னேன்.

"அத்தைக்கு வயசு தெரியலன்னு சொன்னாங்கம்மா."

அம்மா புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். விசேஷத்துக்கு யாரும் போகவில்லை.

அண்ணி சொன்னது "வயசே தெரியல" என்றாக இருந்திருக்கலாம். ஓர் ஏகாரம்தான். படபடவென்று வேகமாகப் பேசுகிறவர் அவர்; எல்லா எழுத்தும் எல்லார் காதிலும் விழும் என்று சொல்ல முடியாது. நான் பொய் சொல்வதில்லை, ஐயா. வாங்கியதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான்.

இன்னொரு நாள் அம்மா, "அவ வரட்டும், சேந்து சாப்பிடலாம்" என்றார். அண்ணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் வந்து, அம்மா ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று என்னைக் கேட்டார். "அண்ணி வந்தாத்தான் சாப்பாடாம்" என்றேன். அன்றைக்கு அண்ணன் அண்ணியோடு பேசவில்லை. இதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும்? ஒரு வீட்டில் யாராவது ஒருவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அலுவலகத்தில் மெஷின் நிற்கும்போதெல்லாம் அரிகிருஷ்ணன் மெட்ராஸ் பஸ் ஏறி வந்தார். ஒருநாள் அவர் மெஷினைத் திறந்து வைத்திருந்தபோது அண்ணி எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தார். சுறாப்புட்டு. நான் மறந்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்ததும், "எம்மாடி, ஐஸ் வண்டிக்குள்ள பூந்த மாரி இருக்குது!" என்றார். ஜானகிராமன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரை ஒருமுறைகூடச் சிரிக்க வைத்ததில்லை.

அரிகிருஷ்ணன் தொடுவதற்கு முன் மெஷினின் இரும்பில் ஒருமுறை கை வைக்கச் சொல்வார். உடம்பில் இருக்கும் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். அண்ணி கோயில் தூணைத் தொடுவது போல அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

"இத்தினி கெடக்குதே, இதுல எது கெட்டதுன்னு எப்பிடித் தம்பி கண்டுபுடிப்பீங்க?"

"புதுசா வந்ததைத்தான் அக்கா மொதல்ல சந்தேகப்படணும்" என்றார் அரிகிருஷ்ணன்.

"அது சரி. எல்லா வூட்டுலயும் அதானே நடக்குது" என்று சொல்லி அண்ணி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது என்று நினைக்கிறேன். அதாவது, வீட்டையும் முறையாகப் பார்க்கலாம் என்று.

முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். புதிதாக வந்ததை எடுத்துவிட்டு ஓட்டிப் பார். ஓடினால், திரும்பப் போட்டுப் பார். நின்றால், முடிவு தெரிந்துவிட்டது. சிப்பை எடுப்பதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. சின்னத் திருப்புளியை அடியில் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக அசைத்துத் தூக்க வேண்டும். ஒரே பக்கமாக நெம்பினால் கால் வளைந்துவிடும். அரிகிருஷ்ணன் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அவர் வர முடியாதே. எனக்குக் கை நடுங்காது என்று சொல்லிப் பாராட்டினார்.

வீட்டிலிருந்து அண்ணியை எப்படி எடுத்துப் பார்ப்பது என்று நான் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆடி வந்தது.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எதற்கு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல சோதனை யாரும் யோசித்திருக்க முடியாது. அண்ணியின் அப்பா கோவிந்தராசு மாமா தட்டு வரிசையோடு வந்தார். அண்ணி அழுதுகொண்டே கிளம்பினார். "வேம்பு, அத்தைக்கு ராத்திரி கால் வலிக்கும். தைலம் தேய்ச்சு வுடு. மறந்துடாத" என்றார். அதே வாரம் அலுவலகத்தில் புது வரிசையைக் கழற்றிப் ஸ்பாஞ்சுத் துண்டில் குத்தி அலமாரியில் வைத்தேன்.

ஆடி முழுக்க மெஷின் நிற்கவில்லை. வீடும் நிற்கவில்லை. அம்மா சாப்பிட்டார், அண்ணன் சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன். பேச்சே இல்லாமல் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஓரிரு தடவை வாசலில் போய்ச் சும்மா நின்றார். அது பழுதாகாது.

ஆவணியில் அண்ணி திரும்பி வந்தார். அலுவலகத்தில் புது வரிசையைத் திரும்பப் பொருத்தினோம். இரண்டும் நின்றன.

நீங்களும் சாட்சியங்களை வைத்துத்தான் முடிவு செய்கிறீர்கள். என் இடத்தில் இருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்?

ஜானகிராமன் சார், "போதும்பா, மறதியோடயே இருக்கட்டும். இருக்கிற ஞாபகத்த வச்சு வேலையைப் பாப்போம்" என்றார். அரிகிருஷ்ணன் புதுச் சிப்புகளைக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மெஷின் மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது. ஜானகிராமன் சார் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சந்தோஷம் வந்தால் நன்றியைப் பிரெஞ்சிலேயே, "மெர்சி, மெர்சி" என்பார். அன்று என்னிடமும் சொன்னார்.

வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. தையில் அண்ணன் என்னிடம், "வேம்பு, நான் தனியா போயிடலாம்னு பாக்கிறேன். முத்தியால்பேட்டையில ஒரு வூடு இருக்குது. அம்மாகிட்ட பக்குவமா சொல்லு" என்றார்.

நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். கெட்ட சிப்பு ஒன்றுக்காக நல்ல சிப்பையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போவது என்ன நியாயம்? ஆனால் அதை நான் தடுக்க வேண்டியே இருக்கவில்லை. அண்ணியே தடுத்துவிட்டார். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அத்தையை வுட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டேன். எங்கியோ சின்னதா ஒரு தப்பு நடக்குது. அது என்னான்னு கண்டுபுடிச்சா சரியாப் பூடும். கொஞ்சம் பொறுங்க."

ஆக, அண்ணி போகவும் மாட்டார். தேடவும் ஆரம்பித்துவிட்டார்.

மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். உங்கள் சிவப்புத் தொப்பிக்காரர்கள் எல்லாரும் அன்று அங்கேதான் இருந்திருப்பார்கள். அண்ணிக்குக் கடலில் முழுக்குப் போட வேண்டும் என்று ஆசை. அம்மா கால் வலி என்று வரவில்லை. அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். அண்ணன் மூன்று ஜோடிச் செருப்பையும் மாற்றுப்புடவைப் பையையும் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் ஆயம்மா என்ற பூக்காரம்மா கூடையோடு இருந்தார். அண்ணி அவரிடம் கனகாம்பரம் வாங்கி, "ஈரத்துல வேணாம், வந்து வச்சுக்கிறேன். பத்திரமா வச்சிருங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சாமிகளுக்கு நடுவே, மேளத்துக்கு நடுவே, அண்ணி என் காதருகே குனிந்து பேசினார். சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"ஏய் வெல்லக்கட்டி. நேத்து அத்தைக்குத் தைலம் தேய்ச்சனா, பேச்சு வாக்குல அந்த ஆரஞ்சுப் புடவைக் கதை வந்துச்சு. நான் வயசே தெரியலன்னுதான சொன்னேன்? நீ போயி இன்னா சொல்லி வச்ச?"

நான் கடலைப் பார்த்தபடி நடந்தேன்.

"நீதான் நடுவுல தபால்காரியா? எத்தினி தபாலு இந்த மாரி மாறிப் போச்சோ!" என் கையை ஆட்டினார். "பயந்துக்காத. நீ வேணும்னு செஞ்சிருக்கமாட்ட, ஒனக்குத்தான் பேசவே வராதே. சாமி பாத்துட்டு வூட்டுக்குப் போறோம், நாலு பேரும் ஒண்ணா உக்காருறோம். இனிமே யாருக்கும் நடுவுல யாரும் வேணாம். அவங்கவங்க வாயால பேசிக்கட்டுமே."

நல்ல யோசனைதான். இப்போது சொல்கிறேன், கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பேசத் தெரியாது. எனக்குத்தான் அந்த வீடு எப்படி ஓடும் என்று தெரியும். வந்து ஒரு வருஷம் ஆகாத ஒருவர் அதை மாற்றி அமைத்தால் என்ன ஆகும்?

நான் சிறு வயதிலிருந்து அந்தக் கரையில் நின்றவள். அலை வரும்போது பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். அது போகும்போதுதான் ஜாக்கிரதை. காலடியில் மணலை அரித்துக்கொண்டு இழுக்கும். அண்ணி ஏரியும் கிணறும் மட்டுமே பார்த்தவர். ஏரித் தண்ணீர் யாரையும் எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. "இங்க கலங்கலா இருக்கு அண்ணி. இன்னும் கொஞ்சம் வாங்க, தெளிவா இருக்கும்" என்றேன். அவர் வந்தார். சாமிகள் இறங்கிய இடத்தில்தான் கூட்டம் முழுக்க. நாங்கள் கொஞ்சம் தள்ளி இருந்தோம்.

பெரிய அலை ஒன்று அடித்துவிட்டுத் திரும்பியது. எனக்குக் கால் ஊன்றியிருந்தது. அண்ணிக்குத் தரை இல்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்தார்.

நீங்கள் காலையிலிருந்து கேட்பது ஒரே கேள்வி. கை நழுவியதா, நீ விட்டாயா? நழுவவில்லை. நாற்று நட்ட கை அது, அவ்வளவு எளிதில் நழுவாது. நான் விட்டேன் என்பதும் முழுக்கச் சரியில்லை. நான் விட்டாலும் அவர் விடவில்லை. என்னுடைய இன்னொரு கையால் எடுக்க வேண்டியிருந்தது. அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரு விரல் மட்டும் வளைந்துவிட்டது. டாக்டர் அதை எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கரையிலிருந்து ஆயம்மா பார்த்ததாகச் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். அவர் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது ஏன் என்றுதான் தெரியவில்லை. அந்தக் கனகாம்பரத்தைக் காய்ந்த பிறகும் வைத்திருந்து, போன வாரம் அண்ணனைத் தேடிப் போய்க் கொடுத்தாராம், அப்போது சொல்லியிருக்கிறார்.

கடைசியில் அண்ணி "வேம்பு" என்றார். என்னைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஆகையால் இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம்.

பிறகு நான் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. பிள்ளைச்சாவடி மீனவர்கள் படகு கொண்டுவந்து தேடினார்கள். மறுநாள் அவர்கள் கரையிலேயே அண்ணி கிடைத்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன் அல்லவா, அதனால் சித்திரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

சித்திரையில் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. புது வரிசை போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் அதே 'பாரிட்டி செக்'. அரிகிருஷ்ணன் வந்தார். இந்த முறை பழைய வரிசையைச் சோதித்தார். காவல் சிப்பு பேசாமல் இருக்கும்படி ஏதோ செய்துவிட்டு, ஓர் எழுத்தைப் போட்டுத் திரும்ப வாங்கினார். ஆங்கில ஓ போட்டால் ஜி வந்தது.

"இந்தா இருக்குது பாருங்க" என்றார். "ஆரம்பத்துலேருந்தே இதுதான். வாங்குறது ஒண்ணு, திருப்பிக் குடுக்குறது ஒண்ணு. அதுவும் எப்பவும் இல்ல, சூடேறும்போது மட்டும். அதான் மாட்டல."

"பின்ன புதுசு வந்தப்பதான நிக்க ஆரம்பிச்சுது?" என்று ஜானகிராமன் சார் கேட்டார்.

"புதுசு வந்ததும் நாம பெரிய பெரிய வேலையாக் குடுத்தோம் சார். இதுக்கு வேலை ஜாஸ்தியாச்சு, சூடாச்சு, உளற ஆரம்பிச்சுது. இப்ப ஏ.சி. சரியில்ல, அதான் புதுசு இல்லாமலே உளறுது. சும்மா இருக்கிற வரைக்கும் எல்லாச் சிப்பும் நல்ல சிப்புதான் சார்."

"அடப்பாவமே. அப்ப அந்தப் புதுசு?"

"காரைக்கால்ல ஒரு ஆபீஸ்ல போட்டுட்டேன். சமர்த்தா ஓடிக்கிட்டு இருக்குது. பாவம், அது மேல பழியைப் போட்டோம்."

அந்தப் பழைய சிப்பை அவர் தூக்கிப் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கைப்பையில்தான் வைத்திருக்கிறேன், இதோ, உங்கள் மேசையில். பாருங்கள், வெளியே ஒன்றுமே தெரியாது. கால்கூட வளையவில்லை.

நீங்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. அரிகிருஷ்ணன் பேசியபோது எனக்கும் ஒரு கணம் அது தோன்றியது. பழைய வரிசையை நான் சோதிக்கவேயில்லையே என்று. படித்தவள் அப்படி விட்டிருக்கக் கூடாது. அதனால் அன்று மாலையே வீட்டுக்குப் போய் முறையாக ஆரம்பித்தேன். அம்மாவா, அண்ணனா?

அண்ணி போன பிறகும் வீடு நின்றுகொண்டுதான் இருந்தது. சொல்லப்போனால் முன்பைவிட அதிகமாக. அண்ணன் திண்டாடிப்போயிருந்தார். "அம்மா மூஞ்சியைப் பாக்கவே முடியல, வேம்பு" என்றார் ஒருநாள். அம்மா அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்ததைச் சொன்னாராக இருக்கும். அம்மா கேட்டார், சொன்னேன். "ஒன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலயாம்மா." அம்மா திருக்கனூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அண்ணனுக்கு ஏதோ சொல்லச் சொன்னார். சொன்னேன். அண்ணன் மில் வேலையை விட்டுவிட்டு நெய்வேலிக்குப் போய்விட்டார். யாரையும் நான் தொடவில்லை. இரண்டு பேரும் தாமாகவே கழன்றுகொண்டார்கள்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். காலையில் எழுந்து சமைத்து, சாப்பிட்டு, ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போகிறேன். வந்து ரேடியோ கேட்கிறேன். பேச்சுச் சத்தம் இல்லை, யாரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தையல்நாயகி அண்ணியின் கையை என் கையிலிருந்து எடுத்தவள் நான்தான். விரலை வளைத்ததும் நான்தான். அதில் ஒரு தவறு நடந்திருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கெட்டது அண்ணியாக இல்லாமல் அம்மாவாகவோ அண்ணனாகவோ இருந்திருக்கலாம். ஆனால் பழுது என்னிடம் இல்லை என்பது மட்டும் நிச்சயம், ஐயா. சோதித்துவிட்டேன். நான் தனியாக இருக்க ஆரம்பித்ததிலிருந்து வீடு ஒருமுறைகூட நிற்கவில்லை.